மேற்கோள் காட்டும் மரபு

ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் பலர், இடுபணியில் மேற்கோள் நூல்களைக் குறிப்பதை மேலைநாட்டார் சுமத்திய சுமை என்றே எண்ணுகின்றனர். தமிழ் நூல்களின் வரலாறோ வேறு செய்தியைக் கூறுகிறது.

முன்னோர் கூற்றைச் சுட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியரே ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று முன்னையோர் கருத்தைக் குறித்துச் செல்கிறார். உரையாசிரியர்களும் தம் விளக்கத்துக்குச் சான்றாகப் பழம்பாடல் அடிகளை எடுத்தாண்டனர். ஆயினும் அவ்வடிகள் எந்நூலைச் சேர்ந்தவை என்பதை எல்லா இடத்தும் அவர்கள் கூறவில்லை. அக்காலத்து மாணாக்கர் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்தமையால் அது குறையாகத் தோன்றியிராது.

காலம் மாறியபோது அக்குறை பெரிதாயிற்று. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அதன் உரையில் நச்சினார்க்கினியர் அடிகளை எடுத்துக் காட்டி, ‘என்றார் பிறரும்’ என முடித்துவிடுகிறார். அந்தப் ‘பிறர்’ யார்? ஐயர் சுவடி சுவடியாகத் தேடினார். அவ்வடிகளுள் பல பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஆகிய சங்க நூல்களுக்கு உரியவை எனத் தெரியவந்தது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

பெயரைக் குறித்ததால் விளைந்த நன்மைக்கு வளையாபதி சான்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்றுள்ள பாடல்களுள் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகைநூல் காத்துத் தந்தவை. தொகுத்தவர் தம் பெயரைக் கூறவில்லை. பாடல் எடுத்த நூல்களின் பெயரைக் கூறினார். அச்சிறு குறிப்பு இல்லையேல் அவற்றை வளையாபதிப் பாடல்கள் என நாம் அறிந்திருக்க இயலாது.

இன்று நாம் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதும் முறை, ஆர்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்டு மார்க் 1881-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கியதாகக் கருதப்படுகிறது. அமெரிக்க உளவியல் கழகத்தின் முறையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையுமே முன்வைக்கிறது. கும்பகோணத்தில் ஐயர் ‘பிறர்’ யாரெனத் தேடிய அதே காலத்தில், வாசகர் அவ்வாறு தேடித் துன்புறாதிருக்க அங்கு வழி பிறந்தது.

ஆகவே, மாணவர்களே, காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பனவற்றைக் கையேடு கற்பிக்கும். யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறவாது எழுதுவதே முதற்கடமை. ‘அறிஞர் ஒருவர் கூறுகிறார்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அவ்வறிஞரைத் தேடி வாசகர் அலைய வேண்டிவரும்.