புளியந்தீவும் அதன் தூரங்களும்



ஓர் ஊருக்கும் பிறிதோர் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தைக் கேட்டால், மைல்கற்களை எண்ணி விடை கூறிவிடலாம் என்று நினைக்கிறோம். மட்டக்களப்பு நகரின் பழைய நடுப்பகுதியாகிய புளியந்தீவைப் பொறுத்தவரை அவ்விடை ஒன்றன்று. கொழும்பிலிருந்து வானத்தில் நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். தெருவழியே 300 கிலோமீற்றருக்கு மேல். புகையிரதமோ மாகோ, கல்லோயா, பொலன்னறுவை என வடக்கே வளைந்து வருவதால் 350 கிலோமீற்றரை அண்மிக்கிறது.

கொழும்பை மையமாகக் கொண்டு அளப்பதே பிற்கால வழக்கம். ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் ஸீலாந்தின் வேரே துறைமுகத்திலிருந்து 1601 மே மாதத்தில் புறப்பட்டு, மட்டக்களப்புக் கரையை 1602 மே மாத இறுதியிலேயே கண்டார். ஓராண்டுக்கு மேற்பட்ட அக்கடற்பயணத்தின் நோக்கம் கொழும்பன்று. கொழும்பு அப்போது போர்த்துக்கேயர் வசமிருந்தது. அவர் நாடிச் சென்றது கண்டி அரசன் விமலதர்மசூரியனை. மலைநாட்டு இராச்சியத்துக்கு மட்டக்களப்பு கடல்வாயிலாக விளங்கியமையாலேயே, போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளின் பின் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆகவே, இவ்வூர் ‘ஒதுக்குப்புறம்’ ஆனது இயற்கையினாலன்று. ஆட்சியின் தலைமையிடம் மேற்குக் கரையில் நிலைபெற்றதனாலேயே.

ஆங்கிலேயர் காலத்தில் தீவைச் சுற்றிவந்த நீராவிக் கப்பல்கள் வாவிக்குள் நுழைய இயலாது வெளியே நங்கூரமிட்டன. வாடைக்காற்றுக் காலத்திலோ கடலின் கொந்தளிப்பு அவ்வழிக்கும் இடையூறாயிற்று. 1928இல் புகையிரதம் வந்தபின் கொழும்பு ஓரிரவுப் பயணமாயிற்று. 1958இல் திமிலைதீவில் விமான நிலையம் அமைந்தது. அக்காலத்து டக்கோட்டா விமானத்தின் வேகத்துக்கு 220 கிலோமீற்றர் ஒரு மணி நேரப் பறப்புக்கும் குறைவே. ஆனால் 1983இல் நிலையம் விமானப்படையின் வசமாயிற்று. பொதுமக்கள் விமானப் போக்குவரத்துக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2018இலேயே. முப்பத்தைந்து ஆண்டுகள்! மைல் ஒன்றும் கூடவில்லை; காலம் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பிற்று.

விமானத்தைப் பற்றி இவ்வளவு கூறினும், இப்பகுதி மக்களின் வாழ்வை மிகுதியும் மாற்றியது அதுவன்று என்பது என் கருத்து. அதற்குக் கட்டணம் செலுத்தக்கூடியவர் எத்தனை பேர்? மாற்றியது கல்லடிப் பாலமே. ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரால் 1924இல் திறக்கப்பட்ட அவ்விரும்புப் பாலத்தின் நீளம் 300 மீற்றர்கூட இல்லை. அதற்கு முன்னர் எழுவான்கரை மக்கள் மருந்துக்கும் நீதிமன்றத்துக்கும் சந்தைக்கும் நகருக்கு வரத் தோணியையே நம்பியிருந்தனர். காற்றடித்தால், கண்ணுக்கெதிரே தெரியும் புளியந்தீவு கொழும்பைப்போல் தொலைவாகிவிடும்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கு அந்நிலை மேலும் நீடித்தது. நெல்லும் பாலும் நகருக்கு அனுப்பும் அந்நிலத்து மக்களும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும் மண்முனைத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்து நின்றனர். கொழும்பு விமானம் இறங்கத் தொடங்கி ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2014இல், மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 210 மீற்றர்.