கைதான முதல் இரவு



இலவச சட்ட உதவி என்றதும், குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு நீதிமன்றம் அமர்த்தித் தரும் வக்கீல்தான் நம் நினைவுக்கு வருகிறார். இந்த மண்ணின் வரலாறோ அதற்கு வெகு முன்பான ஒரு நேரத்தைச் சுட்டிக்காட்டுகிறது. அது காவல் நிலையத்தில் கழியும் முதல் இரவு.

1992இல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகர் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டவர் இறந்துபோனார். அவருடைய மனைவி அதே நிலையத்தில் காவலர்களின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம், திருட்டுப் புகார் ஒன்றில் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் குறவர். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஊரில் களவு போனால் யார் வீட்டுக்கு முதலில் போவது என்ற போலீஸ் வழக்கம் நீங்கவில்லை. ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றது காவல்துறை. அவருடைய மனைவி ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் போனார். வழக்கறிஞர் கே. சந்துரு கட்டணம் வாங்காமல் வாதாடினார். காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2006. ‘ஜெய்பீம்’ படத்தின் மூலக்கதை இதுதான்.

அன்று சட்டம் இல்லாமலா போயிற்று? இலவச சட்ட உதவியைச் சொல்லும் 39அ பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. கைதானவரை முதன்முதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே இந்த உதவி தொடங்க வேண்டும் என்று 1980இல் காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இல் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்ததோ 1995 நவம்பர் 9 அன்று. இந்த எட்டாண்டு இடைவெளியில்தான் மேற்சொன்ன இரண்டு கொடுமைகளும் நடந்தன.

அந்தக் குடும்பங்களுக்குத் துணை நின்றவர்கள் இயக்கத் தோழர்களும் மாதர் அமைப்பினரும் சில வழக்கறிஞர்களும். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் வழக்கறிஞர் வந்து சேர்ந்தபோது ராஜாக்கண்ணு உயிரோடு இல்லை. நல்லவர் ஒருவர் வந்து சேர்ந்தால்தான் கிடைக்கும் என்றால் அதை உரிமை என்று சொல்ல முடியாது.

இன்று நிலைமை ஏட்டளவில் மாறியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. கைதுக்கு முன்பும் கைதின்போதும் வழக்கறிஞர் உதவி தர, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2019இல் நெறிமுறை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேரமும் வாதாடும் வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டம் 2022இல் வந்தது. ஏட்டில் இருப்பது காவல் நிலையத்துக்கு வந்து சேர மீண்டும் எட்டாண்டு காத்திருக்க முடியாது.

இங்கிருந்து போகும் ஒவ்வொருவரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 15100 என்ற சட்ட உதவி எண்ணை நம் சேரிகளின் சுவர்களில் எழுதுவோம். யாரையாவது காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், விடியும்வரை காத்திராமல் அன்றிரவே வக்கீல் கேட்போம். வரவில்லையென்றால் நேரத்தையும் தேதியையும் குறித்துவைத்து, மறுநாள் மாஜிஸ்திரேட் முன் சொல்வோம்.