இரத்தப் பழி

கிறித்துவச் சிறுவர்களைக் கொன்று, அவர்கள் இரத்தத்தைத் தங்கள் சடங்குகளுக்கு யூதர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று இடைக்கால ஐரோப்பாவில் சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டு இரத்தப் பழி எனப்படும். விலங்கின் இரத்தத்தையே உண்ணக் கூடாது என்பது யூதச் சமய விதி. இறைச்சியை நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தத்தைப் போக்கிய பிறகே சமைக்கும் மக்கள்மீது இந்தப் பழி விழுந்தது.

1144இல் இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு வெளியே ஒரு காட்டில் வில்லியம் என்ற சிறுவனின் சடலம் கிடைத்தது. அவன் தோல் பதனிடும் தொழில் பழகி வந்தவன். பாதிரியாரான உறவினர் ஒருவர் யூதர்கள்மீது புகார் சொன்னார். அரச அதிகாரி யூதர்களைக் கோட்டைக்குள் வைத்துக் காத்தார், புகார் அடங்கிப்போனது. சில ஆண்டுகள் கழித்து அவ்வூர் மடத்துக்கு வந்த மன்மத்தின் தாமஸ் என்ற துறவி அதற்கு மறு உயிர் கொடுத்தார். இயேசுவின் பாடுகளை இகழ்வதற்காகவே யூதர்கள் சிறுவனை வதைத்துக் கொன்றதாக ஒரு நூலே எழுதினார். சிறுவன் புனிதனாகப் போற்றப்பட்டான்; உடல் பேராலயத்துக்குள் வந்தது; யாத்திரிகர்கள் வந்தனர், காணிக்கையும் வந்தது. எழுத்தறிவற்ற கும்பலின் வெறி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கதையை எழுதியவர் கற்ற துறவி.

1171இல் பிரான்சின் புளுவா நகரில் சடலம்கூடக் கிடைக்கவில்லை. ஆற்றில் ஒரு யூதர் உடலை வீசியதைப் பார்த்தேன் என்று ஒரு வேலைக்காரன் சொன்ன சொல்லே போதுமானதாக இருந்தது. அவ்வூர்ப் பிரபு திபோவின் ஆணைப்படி முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்கள் எரிக்கப்பட்டனர்.

இரத்தம் என்ற கூறு இந்தக் கதைக்குள் தெளிவாக நுழைந்தது ஜெர்மனியின் ஃபுல்டாவில். 1235 கிறிஸ்துமஸ் நாளில் ஆலைக்காரர் ஒருவரின் ஐந்து பிள்ளைகள் இறந்தனர். பழிக்கு 34 யூதர்கள் கொல்லப்பட்டனர். பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், யூதச் சமயத்திலிருந்து கிறித்துவத்துக்கு மாறிய அறிஞர்களைப் பல நாடுகளிலிருந்து அழைத்து விசாரித்தார். அந்தச் சமயத்தை விட்டு வந்தவர்களுக்கு அதைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லை. அவர்களே குற்றச்சாட்டு பொய் என்றனர். 1236இல் பேரரசர் யூதர்களை இக்குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார். 1247இல் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட்டும் இப்பழியைக் கண்டித்தார். ஆக, பொய் என்பது தெரியாமல் அடுத்த கொலைகள் நடக்கவில்லை.

1255இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் ஹியூ என்ற சிறுவனின் உடல் கிணற்றில் கிடைத்தது. கோப்பின் என்ற யூதருக்கு உயிர்ப்பிச்சை தருவதாகச் சொல்லி வாக்குமூலம் வாங்கினார்கள். மன்னர் மூன்றாம் ஹென்றி அந்த வாக்கை மதிக்காமல் அவரைத் தூக்கிலிட்டார். லண்டனில் மேலும் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். இறந்தவர்களின் சொத்து அரசக் கருவூலத்துக்குப் போனது. 1290இல் முதலாம் எட்வர்ட் யூதர்கள் அனைவரையும் இங்கிலாந்தை விட்டே வெளியேற்றினார்.

1475இல் இன்றைய இத்தாலியிலுள்ள டிரென்ட் நகரில் சிமோன் என்ற குழந்தை இறந்தபோது யூதர்களைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் பெற்றனர். புதிதாக வந்திருந்த அச்சு இயந்திரம் அந்தக் கதையைப் படங்களோடு ஊர் ஊராகக் கொண்டுபோனது. இடைக்காலம் முடிந்தும் பழி முடியவில்லை: 1840இல் டமாஸ்கசில் எழுந்தது, 1913இல் கீவ் நகரில் பெய்லிஸ் என்பவர் இதே குற்றச்சாட்டில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார், 1934இல் நாஜி வார இதழான டெர் ஷ்டூர்மர் இதற்கென்றே சிறப்பிதழ் வெளியிட்டது. சிமோன் வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நீக்கியது.