தெரிந்துதானே விளையாட வந்தாய்?



நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பேரனுக்குப் பத்து வயது. இந்த வருடம் பேஸ்பால் அணியில் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் மருமகள் நான்கு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, "மாமா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றாள். சுருக்கமாகச் சொன்னால் அதில் இருந்தது இதுதான்: இந்த விளையாட்டில் காயம் வரலாம், உயிருக்கே ஆபத்து வரலாம், அது தெரிந்தே பிள்ளையை அனுப்புகிறோம், பிறகு வழக்குப் போட மாட்டோம். பத்து வயதுப் பையன் பந்து விளையாடுவதற்கு மரணம் என்ற சொல் வந்து நிற்கிறதே என்று எனக்குத் திக்கென்றது. "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்ப்பா, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்" என்றான் மகன்.

வரலாற்று வாத்தியாருக்கு அது போதாது. 'தெரிந்தே ஏற்ற ஆபத்து' என்ற அந்தச் சொல்லின் பாட்டன் முப்பாட்டன் யார் என்று தேடிப் போனேன். தேடல் என்னை மைதானத்துக்கு அல்ல, ரயில் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் – வொர்செஸ்டர் ரயில் கம்பெனியில் ஃபார்வெல் என்று ஓர் இன்ஜின் டிரைவர். தண்டவாளத்தை மாற்றிவிடும் ஊழியர் செய்த தவறால் இன்ஜின் தடம் புரண்டு, அவருடைய வலது கை நசுங்கிப்போனது. கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1842-இல் தலைமை நீதிபதி லெமுவல் ஷா தீர்ப்புச் சொன்னார். டிரைவர் வேலை ஆபத்தானது என்பது அவருக்குத் தெரியும், அதற்காகத்தான் கூடுதல் சம்பளம், கூட வேலை செய்கிறவரின் தவறும் அந்த ஆபத்தில் அடக்கம். ஆகவே நஷ்டஈடு இல்லை. அவருடைய சம்பளம் நாளுக்கு 2 டாலர். ஒரு கையின் விலை அந்தச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நீதிமன்றம் கணக்குப் பார்த்துவிட்டது. விரும்பி ஏற்றவனுக்கு அநியாயம் நடந்ததாகச் சொல்ல முடியாது என்ற பழைய லத்தீன் சட்டமொழியும் இந்தக் கருத்துக்குத் துணையாக இருந்தது.

பிறகு இந்த வாதம் மெல்லக் கேளிக்கை இடங்களுக்குள் நுழைந்தது. 1913-இல் மிசௌரி மாநிலத்தில் ஒரு வழக்கு. கன்சாஸ் சிட்டியில் பேஸ்பால் பார்க்கப் போனவர் மீது பந்து பட்டுவிட்டது. வலைக்குப் பின்னால் இடம் இருந்தும் வலையில்லாத இடத்தில் நீர்தானே போய் உட்கார்ந்தீர் என்று நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. 1929-இல் நியூயார்க்கில் இன்னொன்று. கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில் நகரும் பட்டை ஒன்று. ஏறுகிறவர்கள் தடுமாறி விழ, மற்றவர்கள் சிரிப்பார்கள், அதுதான் வேடிக்கை. ஏறிய இளைஞர் ஒருவர் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. நீதிபதி கார்டோசோ, பயந்த சுபாவம் உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்ற பொருளில் எழுதினார். எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்த வரியைத்தான். ஆனால் அதே தீர்ப்பில், ஆபத்து கண்ணுக்குத் தெரியாததாக இருந்திருந்தால் கதை வேறு என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அதை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை!

இனி 1939-க்கு வருவோம். ரயில்வே ஊழியர் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் திருத்தியது. ஊழியர் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார் என்று இனி ரயில் கம்பெனி வாதாட முடியாது. ஃபார்வெலுக்கு நியாயம் கிடைக்க 97 வருடம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1939, ஜூன் 6. பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய லிட்டில் லீகின் முதல் ஆட்டம். மரக்கடை ஒன்றின் பெயரில் ஒரு அணி, பால் பண்ணை பெயரில் ஒரு அணி, மரக்கடை 23–8 என்று ஜெயித்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. வளர்ந்த ஆம்பளை, சம்பளம் வாங்குகிற தொழிலாளி, அவரிடம் சொல்லக்கூடாது என்று கைவிடப்பட்ட வாதம், சம்பளமே இல்லாமல் ஆசைக்கு ஓடுகிற பிள்ளைகளிடம் மைதானத்தில் நிலைத்துவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்தின் அளவு புரிய ஒரு கணக்கு. கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே 66 அடி. லிட்டில் லீகில் பந்து எறிகிற பையனுக்கும் அடிக்கிற பையனுக்கும் இடையே 46 அடி. பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு, அவ்வளவுதான். எறிந்த பையன் நிமிர்வதற்குள் பந்து திரும்பி முகத்துக்கு வந்துவிடும்.

2006-இல் இதே நியூ ஜெர்சியில் 12 வயதுப் பையன் ஒருவன் பந்து எறிந்தான். உலோக மட்டையில் பட்டுத் திரும்பிய பந்து நேராக நெஞ்சில் தாக்கியது. இதயத் துடிப்பில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி விழுந்தால் இதயம் நின்றுபோகும். அப்படி நின்றது. உயிர் பிழைத்தான், ஆனால் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாததால் வாழ்நாள் முழுவதும் பிறர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. மட்டை செய்த கம்பெனி, விற்ற கடை, அந்த மட்டை சிறுவர்களுக்கு ஏற்றது என்று ஒப்புதல் கொடுத்த லிட்டில் லீக், மூவர் மீதும் குடும்பம் வழக்குப் போட்டது. 2012-இல் 1 கோடியே 45 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பெரிய தொகைதான். அந்த அம்மாவிடம் போய் பெரிய தொகை என்று சொல்லிப் பாருங்கள்.

மான்டானா மாநிலத்தில் 2003-இல் 18 வயது இளைஞர் ஒருவர் இதேபோல அலுமினிய மட்டையில் பட்டு வந்த பந்தால் இறந்தே போனார். 2009-இல் ஜூரி, மட்டையின் ஆபத்தைப் பற்றிக் கம்பெனி போதிய எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று 8,50,000 டாலர் கொடுக்கச் சொன்னது. அவர் தெரிந்தே ஆபத்தை ஏற்றார் என்று கம்பெனி வாதாடப் பார்த்தது. 2011-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பந்து படும் என்று பொதுவாகத் தெரிவது வேறு. இந்த மட்டையிலிருந்து வரும் பந்துக்கு எதிரே நின்றால் உயிர் போகும் என்று உள்ளபடியே தெரிந்திருப்பது வேறு. கார்டோசோ விட்டுவைத்த அந்த இன்னொரு வரி இங்கே உயிர் பெற்றது என்று நான் நினைக்கிறேன். மட்டைகளின் வேகத்துக்கும் கடிவாளம் வந்தது. கல்லூரிகளில் 2011, உயர்நிலைப் பள்ளிகளில் 2012, சிறுவர் அணிகளில் 2018 முதல் புதிய தர அளவு.

கம்பெனி சரி, வாத்தியார் என்ன செய்வார்? எனக்கு உறைத்த வழக்குகள் அவைதான்.

1982, நியூ ஜெர்சியில் ரன்னமீட் என்ற சிறிய ஊர். வழக்கமாக இரண்டாம் பேஸ் பக்கம் நிற்கிற சிறுவனை அன்று தொலைவில் உயரப் பந்து பிடிக்கும் இடத்தில் நிற்க வைத்தார்கள். வந்த பந்து கண்ணில் பட்டது. சம்பளம் வாங்காமல் மாலை நேரத்தில் வந்து சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர்கள் மீது வழக்கு. 25,000 டாலருக்குச் சமரசம் ஆனது. அதற்குப் பிறகு, நமக்கேன் வம்பு என்று ஊர் ஊராக ஆட்கள் ஒதுங்கிவிடுவார்களோ என்ற பயம். 1986-இல் மாநிலம் சட்டம் போட்டது: சம்பளமில்லாப் பயிற்சியாளர் சாதாரணக் கவனக்குறைவுக்காக வழக்கில் சிக்க மாட்டார், ஆனால் அவர் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். கவசம் வேண்டுமா, முதலில் கற்றுக்கொண்டு வா. எனக்குப் பிடித்த சட்டம்.

2012-இல் இதே மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் மூன்றாம் பேஸை நோக்கி ஓடிவந்தான். அங்கே நின்ற பயிற்சியாளர், சறுக்கி வந்து தொடு என்று சைகை காட்டினார். பையன் சறுக்கினான், கணுக்கால் உடைந்தது, பல அறுவைச் சிகிச்சைகள். வழக்கு 2019-இல்தான் ஜூரி முன் முடிந்தது. விளையாட்டுக் காயங்களில் வெறும் கவனக்குறைவு போதாது, கண்மூடித்தனமாக நடந்திருக்க வேண்டும் என்பது 1994 முதல் இந்த மாநில வழக்கம். பயிற்சியாளர் அப்படி நடக்கவில்லை என்று ஜூரி சொன்னது. ஒரு கண நேரச் சைகைக்கு ஏழு வருடம்! இரண்டு பக்கமும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கடைசியாக நியூயார்க். 1975-லேயே அந்த மாநிலம், அடிபட்டவர் ஆபத்தை ஏற்றார் என்பதற்காக மட்டும் வழக்கைத் தள்ளிவிட முடியாது என்று சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் விளையாட்டுக்கு மட்டும் நீதிமன்றங்கள் விலக்கு வைத்திருந்தன. 2023-இல் செனாங்கோ வேலி பள்ளி மாணவர் ஒருவரின் வழக்கு மாநிலத்தின் உச்ச அமர்வுக்கு வந்தது. பயிற்சியில் ஒரே நேரத்தில் இரண்டு பந்துகள் ஓடுகின்றன. இரண்டும் முதல் பேஸ் பக்கமாகவே வந்து சேர வேண்டும், நடுவில் ஒரு வலைத் தடுப்பு. மாணவர் தன் பந்தைக் கவனிக்கும்போது, தடுப்பைத் தாண்டி வந்த மற்றொரு பந்து கண்ணைத் தாக்கியது. கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்ட வழக்கை மேல் அமர்வு உயிர்ப்பித்தது. பேஸ்பாலில் பந்து படலாம் என்பது விளையாட்டோடு பிறந்த ஆபத்து. இரண்டு பந்து விடுவது பெரியவர்கள் கொண்டுவந்து சேர்த்ததாக இருக்கலாம், அதை ஜூரிதான் தீர்மானிக்க வேண்டும் என்றது. அதே நாளில் கூடைப்பந்துப் பயிற்சியில் அடிபட்ட இன்னொரு மாணவரின் வழக்கைத் தள்ளியும் விட்டது. ஓரத்தில் இருந்த இருக்கைகளில் மோதினார், அவை கண்ணெதிரே இருந்தவைதானே என்று.

விளையாட்டோடு பிறந்த ஆபத்து, பெரியவர்கள் சேர்த்த ஆபத்து. இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், பி.டி. சார் விடுப்பு. நீளம் தாண்டும் பையன்களை நான் பார்த்துக்கொண்டேன். முந்தின வாரம் மழை பெய்து வெயிலும் அடித்து, மணல் குழி கெட்டித்துப் போயிருந்தது. மண்ணைக் கொத்திவிடச் சொல்லியிருக்க வேண்டும். நேரமாகிறது, தாண்டுங்கடா என்றேன். ஒருவனுக்கு மணிக்கட்டு உடைந்தது. சாயங்காலம் அவன் அப்பா வந்தார். எனக்குக் கை நடுங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓடியாடுற புள்ள சார், விழுறது சகஜம். நீங்க ஏன் வருத்தப்படுறீங்க" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆமாம், விளையாட்டு என்றால் அப்படித்தான் என்று நானும் தலையாட்டினேன். மண் கெட்டித்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. பையன் இருக்கிறான், இந்தப் பதிவைப் படிப்பான். தம்பி, அன்று மண்ணைக் கொத்தாமல் விட்டது என் தவறு.

மருமகளின் தாளுக்கு வருகிறேன். தாய்தகப்பன் போடும் கையெழுத்து பிள்ளையின் உரிமையைப் பறிக்குமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. ஒஹாயோவில் 1998-இல், லாபநோக்கற்ற ஊர்ச் சங்கங்கள் நடத்தும் விளையாட்டுக்கு அந்தக் கையெழுத்து செல்லும் என்று சொன்னார்கள். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2006-இல், ஸ்கேட்போர்டு பூங்காவில் தொடை எலும்பு உடைந்த 12 வயதுப் பையன் வழக்கில், பணம் வாங்கி நடத்தும் இடங்களுக்கு அது செல்லாது என்றது. ஊர்ச் சங்கங்களுக்கு இங்கே வேறு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இதையெல்லாம் மருமகளிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ போடலாமா வேண்டாமா மாமா?" என்றாள்.

போடச் சொன்னேன். கூடவே பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: பாதுகாப்பு வகுப்புக்குப் போயிருக்கிறாரா, மட்டைகள் புதிய தர அளவில் உள்ளனவா, பயிற்சியில் ஒரு நேரத்தில் எத்தனை பந்து. மகனுக்குக் கொஞ்சம் சங்கடம். அந்தப் பயிற்சியாளர் நல்ல மனிதர், ஒரு மளிகைக் கடையில் மேனேஜராம். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, இதையெல்லாம் கேட்கச் சொன்னது யார் என்று விசாரித்தாராம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் ஆட்டம். நான் வலைக்குப் பின்னால்தான் உட்காரப் போகிறேன்.