திருநீறும் ஒரு சத்தியமும்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அடி அண்ணாமலை தேநீர்க் கடை பெஞ்சில் இடம் கிடைக்காது. இரவெல்லாம் மலையைச் சுற்றிக் கால் ஓய்ந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நெற்றி நிறையத் திருநீறு. அவர்களைப் பார்த்தால் எனக்கு ரோமாபுரி ஞாபகம் வரும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இந்தச் சாம்பலை வைத்து ரோமில் நாற்பது வருஷம் வழக்கு நடந்தது. அதற்கான உத்தரவு கையெழுத்தானது இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாட்டி வைத்துவிடும் திருநீற்றைப் பள்ளி இருக்கும் தெருமுனையில் நானே துடைத்துவிட்டுப் போவேன். யாரும் துடைக்கச் சொன்னதில்லை. ஒருமுறை ஒரு வாத்தியாரிடம், “சாம்பல் புதனன்று நீங்களும் சாம்பல் பூசுகிறீர்களே?” என்று கேட்டேன். “அதெல்லாம் விவாதிக்கிற விஷயமில்லை” என்று பிரெஞ்சில் ஒரு வரி பதில் வந்தது. அதன் பின்னால் இவ்வளவு பெரிய கோப்பு இருக்கிறது என்று ஓய்வு பெற்றபின் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் டி நொபிலி, நம்மூரில் தத்துவ போதகர், சந்நியாசி போலக் காவி உடுத்தி, சைவமாகச் சாப்பிட்டு வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் ஊர் வழக்கம், மதமல்ல, கிறிஸ்தவராகிறவர் அவற்றை விட வேண்டியதில்லை என்பது அவர் வாதம். அவரோடு மதுரையிலிருந்த சக குருவே மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவாவில் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். கடைசியில் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு நொபிலி பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதுவரை கேள்வி கேட்க இடம் இருந்தது.

1703 நவம்பரில் போப்பின் தூதராக துர்னோன் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அவர் போக வேண்டிய இடம் சீனா. இங்கே இருந்த எட்டு மாதத்தில் பெரும்பகுதி நோயில் படுத்திருந்தார், உள்நாட்டுக்குப் போய்ப் பார்க்கவே இல்லை. சேசு சபைக் குருக்கள் இரண்டு பேரை விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 பிரிவுகள் கொண்ட ஆணை எழுதினார். ஜூலை 8இல் வெளியிட்டு, அடுத்த சில நாளில் கப்பல் ஏறிவிட்டார். ஸ்தல ஆய்வு செய்யாமல் அறிக்கை எழுதும் அதிகாரியை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

நெற்றியில் சாம்பல் கூடாது. தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர் கோயில் திருவிழாவில் வாசிக்கக் கூடாது. புராணக் கதைகளை அனுமதியில்லாமல் படிக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் குருவின் எச்சிலைத் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது. எச்சில் என்றாலே நம்மவர் எப்படி முகம் சுளிப்பார்கள் என்பது அந்த இத்தாலியருக்கு எங்கே தெரியப்போகிறது!

ஆனால் அதே ஆணையில் வேறொரு பிரிவும் உண்டு. நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குரு போய்த்தான் அருட்சாதனங்களை வழங்க வேண்டும், நோயாளியை வெளியே தூக்கிவரச் சொல்லக் கூடாது. இதையும் சேசு சபையார் எதிர்த்தார்கள். நாங்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மற்ற சாதியார் எங்களை விட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். ஆகவே இதை “நல்லவர்களை ரோம் அடக்கியது” என்று கதையாக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளில் சில நியாயம், சில அநியாயம். பேசவிட்டிருந்தால் இரண்டும் பிரிந்து தெரிந்திருக்கும்.

பேசவிடவில்லை. இரண்டு குருக்கள் ரோமுக்குப் போய் முறையிட்டார்கள். ஆன்மாக்களின் நன்மைக்கு உகந்த அளவு ஆணையைக் கடைப்பிடித்தால் போதும் என்று போப் வாய்மொழியாகச் சொன்னதாகத் திரும்பிவந்து சொன்னார்கள். வாய்மொழி உத்தரவை நம்பியவன் கதி எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். எதிர்த்தரப்பான கப்புச்சின் சபையார் எழுத்தில் காட்டு என்றார்கள். எழுத்தில் ஏது?

1739இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்கிறவர் வாயை அடைக்க வழி செய்தார். இங்கே பணிபுரியும் ஒவ்வொரு குருவும் இந்த ஆணைகளுக்கு அப்படியே கீழ்ப்படிவேன் என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் எல்லாவற்றையும் உறுதிசெய்து வழக்கை மூடினார். எச்சில் விஷயத்தில் மட்டும் சில காலம் சலுகை. பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளவும் இடம் கிடைத்தது. வீட்டுக்குள் போவதா என்ற கேள்விக்குத் தனி ஆள் போட்டுச் சமாளித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷமே, 1745இல், நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையரை மற்றவரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் கூடிப்போய்ப் பெரிய சாமியாரிடம், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, இது என்ன பேதம் என்று கேட்டார்கள். சுவர் இடிபட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். யாருக்கும் எதையும் எழுதிக்கொடுக்காத அந்த ஜனங்கள்தான் கேட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வாழ்நாள் முழுக்க எழுத்தில் கொடுத்தவன் நான்.

பின்னால் சேசு சபையே கலைக்கப்பட்டது. பாரிஸ் மிஷன் குருக்கள் வந்தார்கள், சத்தியம் மட்டும் தொடர்ந்தது. அவர்களில் ஒருவரான துபுவா பாதிரியார் முப்பது வருஷம் இங்கே இருந்தவர். இந்தச் சடங்குத் தடையால் எத்தனையோ பேர் மதத்தை விட்டுப் போனார்கள் என்று அவர் எழுதிய கடிதங்கள், அவர் இந்தியாவை விட்டுப் போன 1823இல் லண்டனில் அச்சாயின.

சத்தியத்தை ரோம் ரத்து செய்தது 1940இல். முதல் கையெழுத்துக்கு 201 வருஷம் கழித்து. அப்போது என் தகப்பனார் புதுச்சேரியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அவரும் தெருமுனையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டுதான் போனாரா என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.