குரோமியம் நீக்கும் நுண்ணுயிர்கள்

தொழிற்சாலைக் கழிவுநீரில் கரைந்துள்ள குரோமியத்தைப் பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றைக் கொண்டு பிரிக்கும் முறை. தமிழ்நாட்டில் இதன் தேவை தோல் தொழிலிலிருந்தும் ராணிப்பேட்டைக் குரோமேட் ஆலைக் கழிவிலிருந்தும் பிறந்தது.

பின்னணி: முன்னாளில் தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) ஆவாரம்பட்டைச் சாறு நிறைந்த தொட்டிகளில் தோல் வாரக்கணக்கில் ஊறிப் பதமாகும். குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1903-ஐ ஒட்டிச் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அவர் சோதனைகளைத் தொடங்கினார். அந்தத் தோல் தண்ணீரில் எளிதில் அழுகாது என்பதால், கிணற்றில் கமலை இறைக்கும் பைக்கு அதைப் பரிந்துரைத்தார். ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடுவதால் பிற்காலத்தில் குரோமியமே ஆவாரையை ஓரங்கட்டியது. தோல் ஏற்றுக்கொண்டது போக எஞ்சிய குரோமியம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கழிவுநீரோடு வெளியேறியது. பாலாற்றுப் படுகை கெடுவதைத் தடுக்க 1996-ல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

செயல்படும் விதம்: தோல் ஷாப்பு நீரில் பெரும்பாலும் இருப்பது மும்மதிப்புக் குரோமியம். குரோமேட் தயாரிப்பிலும் மின்முலாம் பட்டறைகளிலும் வருவது அறுமதிப்புக் குரோமியம்; எளிதில் கரையும், புற்றுநோய் தரும் கொடிய நஞ்சு. சல்பேட்டைப் போன்ற வடிவுடையதால் சல்பேட் நுழையும் வாயில் வழியாகவே உயிரணுவுக்குள் நுழைந்துவிடுகிறது. சூடோமோனாஸ், பாசில்லஸ் இனங்களில் சில தம் நொதிகளால் அதை மும்மதிப்பாக மாற்றுகின்றன. சோதனைக் குடுவையில் மஞ்சள் நீர் வெளுத்து, அடியில் பச்சை கலந்த வண்டல் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இத்தகைய பாக்டீரியாவை முதலில் அறிவித்தவர்கள் 1977-ல் சோவியத் ஆய்வாளர் ரொமனென்கோவும் கொரென்கோவும். உயிரற்ற ஈஸ்ட்டும் பூஞ்சையும்கூடத் தம் செல்சுவரில் உலோகத்தைப் பிடித்து வைக்கும். உயிரில்லாததால் நச்சுநீருக்கு இவையே ஏற்றவை. ஆனால் எந்த நுண்ணுயிரும் உலோகத்தை அழிப்பதில்லை. அது நீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே.

இன்றைய நிலை: சுத்திகரிப்பு நிலையங்களில் குரோமியத்தைப் படியவைப்பது இன்னும் காரம்தான், பாக்டீரியாவுக்குக் கரிமக் கழிவைத் தின்னும் வேலையே தரப்பட்டுள்ளது. மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை ராணிப்பேட்டையில் விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். தேங்கும் சேறும் ஆபத்தே: 2015 ஜனவரி 31 அதிகாலை அங்குள்ள சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத் தொழிலாளர்கள்.