சுதுகங்கையும் பேராதனையும்

மாத்தளையில் படித்த நாம் எல்லோரும் சுதுகங்கையைப் பார்த்து வளர்ந்தவர்கள். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, 1976 முதல் அந்த ஆற்றில் சேர்கிறது. அதே மகாவலி அதற்கு முன் பேராதனைப் பொறியியற் பீடத்தின் ஓரமாக ஓடி வருகிறது.

1950 இல் கொழும்பில் தொடங்கிய அப்பீடத்தின் முதற் பீடாதிபதி பேராசிரியர் ஈ.ஓ.ஈ. பெரேரா. 1964 இல் அது பேராதனைக்கு வந்தது. மண் பொறியியலில் உலகறிந்த ஆய்வு செய்து, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான பேராசிரியர் அழகையா துரைராஜா அதன் பழைய மாணவர்.

பெண்களாகிய நாம் முதலில் போற்ற வேண்டியவர் பிறேமளா சிவசேகரம் அவர்கள். 1960 இல் பீடத்தில் சேர்ந்து, 1964 இல் குடிசார் பொறியியலில் முதல் வகுப்பில் சித்தியடைந்து, இலங்கையின் முதற் பெண் பொறியியலாளரானார். மகளிர் தினத்தையொட்டி நாடாளுமன்றம் அவரைக் கௌரவித்தது 2019 இல். 55 ஆண்டுகள் கழித்து.

நம் காலத்தில் உயர்தரத்தில் கணிதம் படிக்க விரும்பிய தோழியரிடம், "பெண்பிள்ளைக்கு அது எதற்கு?" என்றார்கள். சிலர் அழுதுகொண்டே வேறு பிரிவுக்குப் போனார்கள். அவர்களுக்காக அன்று நாம் வாய் திறக்கவில்லை.

நூறாண்டு காணும் சங்கத்தின் சகோதரிகளே, சாதித்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம். கணிதம் படிக்கக் கேட்டு நிற்கும் இன்றைய தங்கைக்கோ இப்போதே துணை நிற்போம்.